அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த தப்பு

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிஞ்சு வந்து.

அன்பு மகள் மெலிண்டாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்துல இங்கே நானும் உங்கம்மாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு நடமாடிக்கிட்டு இருக்கோம், அங்கே அந்த ஜூன் மாசக் குளிர்ல நீயும் மாப்பிள்ளை கிளென்னும் பேரப்பிள்ளை லயனலும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன். எதிர்வீட்டு புனிதாவோட மகன் பவித்ரன் லீவு முடிஞ்சு செவ்வாய்க்கிழமை உங்க ஊருக்குத்தான் ஏறுறான், அவன் பெட்டியில உங்கம்மா கறித்தூள் ரெண்டு பாக்கெட், லயனலுக்குச் சட்டை மூணு, உனக்கு அந்தத் தலைவலித் தைலம் எல்லாம் கட்டிக் கொடுத்திருக்கா. சாப்பாட்டுச் சாமானையெல்லாம் ஏர்போர்ட்டுல மறைக்காம எழுதிக் காட்டணும்னு பையன்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். இந்தக் கடிதத்தைச் சட்டைக்கு நடுவுல வச்சு அனுப்புறேன், உங்கம்மாவுக்குத் தெரியாது. போன்லயே சொல்லிடலாமேன்னு நீ கேப்பே. வீடியோ தெரியிற போன் வீட்ல ஒண்ணுதான், அது எப்பவும் அவ கையிலதான் இருக்கு, அதோட எனக்கு வாயைவிடக் கைதான் ஒழுங்கா பேசும், நாப்பது வருஷம் ஊராருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தே பழகின கை இது.

மார்ச் மாசம் நீயும் அம்மாவும் போட்ட சண்டையைப் பத்தித்தான் எழுத வந்தேன். நீ எங்க ரெண்டு பேரையும் அங்கே கூப்பிட்டு வச்சுக்கணும்னு ஃபாரமெல்லாம் அனுப்பி, ரெண்டு பேரும் ஆங்கிலப் பரீட்சை எழுதணும்னு சொல்லி, ஈப்போவுல வகுப்புக்கும் ஏற்பாடு பண்ணி, நாங்களும் ரெண்டு மாசம் ஒழுங்கா போய்க்கிட்டு இருந்தோம். திடீர்னு ஒரு நாள் உங்கம்மா உன்கிட்ட, எனக்கு முட்டி வலிக்குது, அந்த மாடிப்படி ஏற முடியல, பரீட்சையெல்லாம் எனக்கு வேணாம், அப்பா மட்டும் வரட்டும், நான் இங்கேயே இருந்துக்கிறேன்னு சொன்னா. நீ அழுதே. மத்த வீட்டு அம்மாங்க பேரப்பிள்ளையைப் பாக்க ஓடி வாராங்க, உங்களுக்கு என் மேல பாசமே இல்லன்னு சொல்லி போனை வச்சுட்டே. அதுக்கப்புறம் அவ மறுபடி வகுப்புக்குப் போய் பரீட்சையும் எழுதிட்டா, ஆனா உன் கோபம் இன்னும் ஆறல. சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்பாகிட்ட குடுங்கன்னு சொல்லிடுற. அவளும் உடனே என்கிட்ட குடுத்துடுறா. மகளே, அவ முட்டிக்கு ஒண்ணும் இல்ல. போன வாரம்கூட பாசாருக்கு நடந்து போய் ரெண்டு கையிலயும் சாமான் தூக்கிக்கிட்டு வந்தா. அவ வரலன்னு சொன்னதுக்குக் காரணம் நான். உன்கிட்ட திட்டு வாங்கினப்போ நான் பக்கத்து நாற்காலியிலதான் இருந்தேன். ஒரு வார்த்தையிலகூட அவ என்னைக் காட்டிக் கொடுக்கல. நானும் வாயைத் திறக்கல. அதனால உனக்கு அவ மேல இருக்கிற கோபம் எனக்கு வரவேண்டியது, அதை என் பேருக்கு மாத்திப் போடுன்னு கேக்கத்தான் இந்தக் கடிதம்.

எப்படி ஆச்சுன்னு முதல்லேர்ந்து சொல்றேன். என்னைப் பத்தி உனக்குத் தெரியும், எங்க காலத்து இங்கிலீஷ் பள்ளியில படிச்சவன், எம்.சி.இ. பரீட்சையில ஆங்கிலத்துக்குக் கிரெடிட் வாங்கினவன், எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதுற சின்னக் கிராணியா சேந்து, தோட்டத்தை வித்து மரத்தையெல்லாம் சாய்ச்சு வரிசை வீடா தாமான் கட்டுற வரைக்கும் அங்கேயே இருந்து, அப்புறம் ஈப்போ லாரி கம்பெனியில கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். தோட்டத்துல யாருக்குப் பிறப்புப் பத்திரம் தொலைஞ்சாலும் சேமநிதிக்கு எழுதணும்னாலும் செபாஸ்டியன் கிராணியைப் பாருன்னுதான் சொல்லுவாங்க. உங்கம்மா யாரு? அதே தோட்டத்து லயத்துல பொறந்து தமிழ்ப்பள்ளியில ஆறாவது முடிச்சு, மலாய்ப் பள்ளியில மூணு வருஷம் போய்ட்டு, கல்யாணம் வரைக்கும் ரப்பருக்குப் பால்மரம் வெட்டினவ. நீ பொறந்தப்புறம் ஈப்போவுல ஒரு தடிக்காவுல, அந்தச் சின்னப்பிள்ளைங்க பள்ளியில, ஆயா வேலைக்குப் போனா. வீட்டுக்கு ஒரு இங்கிலீஷ் கடுதாசி வந்தா பிரிக்காம மேசை மேல வச்சுட்டு நான் வர வரைக்கும் காத்திருப்பா. அப்படியே இருந்துச்சு முப்பத்தெட்டு வருஷம். அது எனக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது.

வகுப்பு ஈப்போவுல ஒரு கடைவீட்டு மாடியில, சனிக்கிழமை காலையில. சொல்லிக்கொடுக்கிறது தினேஸ்வரின்னு ஒரு பொண்ணு, காம்பார் யுனிவர்சிட்டியில படிச்சவ, உன்னைவிட வயசுல சின்னவ, ஆனா நல்ல கண்டிப்பு. பதினோரு பேர் படிக்கிறோம், நாங்க ரெண்டு பேரும்தான் கிழடுங்க, மத்ததெல்லாம் வெளிநாட்டுல வேலை தேடுற பிள்ளைங்க. முதல் நாள் நான் முன் வரிசையில உக்காந்தேன், உங்கம்மா புது நோட்டுப்புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு ஆகக் கடைசி நாற்காலிக்குப் போய்ட்டா. போற வழியில காடியை ஓட்டிக்கிட்டே நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன், புரியாததை எழுதி வை, வீட்டுக்கு வந்து நான் சொல்லித் தாரேன்னு. அன்னிக்கு தினேஸ்வரி பலகையில ஒரு வாக்கியம் எழுதி, என் நண்பர்கள்ல ஒருத்தர் ஈப்போவுல இருக்கார்னு சொல்றதுக்கு 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' போட்டு அடுத்து 'லிவ்'வா 'லிவ்ஸ்'ஸான்னு கேட்டா. நான் கையைத் தூக்கி, 'ஃப்ரெண்ட்ஸ்' பலபேரு, அதனால 'லிவ்'ன்னு சத்தமா சொன்னேன். பின்னாலேர்ந்து ஒரு சின்னக் குரல், 'லிவ்ஸ்' டீச்சர்னு. திரும்பிப் பாத்தா உங்கம்மா. ஏன் ஆன்டின்னு கேட்டதுக்கு, ஈப்போவுல இருக்கிறது ஒருத்தர்தானே டீச்சர், மத்தவங்க எங்கே இருந்தா நமக்கென்னன்னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அது கேலிச் சிரிப்பு இல்ல, சந்தோஷச் சிரிப்பு. நானும் சிரிச்சேன், ஆனா காது ரெண்டும் சூடாயிடுச்சு.

சரி, குருட்டாம்போக்குல சொல்லிட்டான்னு நினைச்சேன். அடுத்த வாரம் இங்கிலீஷ்ல பேர்ச்சொல்லுக்கு முன்னால 'த' போடுறதைப் பத்திப் பாடம். நான் என் வாழ்நாள்ல எழுதின கடிதம் எதுலயும் 'த' குறைச்சதே இல்ல, ஒரு மரியாதைக்குப் போட்டுடுவேன். தினேஸ்வரி என் தாளைத் திருப்பிக் கொடுத்தப்போ பதினாலு 'த'வை அடிச்சு வச்சிருந்தா. உங்கம்மா தாள்ல ஒண்ணுகூட அடிபடல. வர வழியில செம்மோர் டவுனைத் தாண்டினப்புறம் எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேட்டேன். படிக்கிறதுக்குப் பள்ளிக்குப் போனா 'த' வேணாம், சும்மா அந்தக் கட்டடத்துக்கு பிள்ளையைக் கூப்பிடப் போனா 'த' போடணும், படுத்துத் தூங்கப் போறதுக்கும் வேணாம், தடிக்கா டீச்சர் மத்தியானத்துல பிள்ளைங்களைத் தூங்க வைக்கும்போது ஒரு நாளும் 'த' போட்டுச் சொன்னதில்லைங்கன்னு சொன்னா. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. இருபத்திரண்டு வருஷம் அந்த டீச்சர் இங்கிலீஷ்ல தினம் ரெண்டு கதை படிச்சிருக்காங்க, இவ மூலையில நின்னு பால் கோப்பை கழுவிக்கிட்டே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கா. சட்டம் தெரியாது, பேர் தெரியாது, ஆனா தப்பான வாக்கியம் வந்தா சோத்துல கல் பட்ட மாதிரி அவளுக்குத் தெரிஞ்சுடுது. இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்தும் எனக்கு அது தெரியல, அவளும் சொன்னதில்ல. நீ சந்தோஷப்படுவே, நானும் பட்டிருக்கணும். பட்டேன்னு எழுதினா அது பொய்.

எரிச்சல், மகளே. வேற பேர் வச்சு எழுதத் தெரியல. தினேஸ்வரி ஆன்டி எழுதினதைப் படிக்கிறேன் கேளுங்கன்னு சொல்லும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடி மூடித் திறப்பேன். பக்கத்துல இருக்கிற பிள்ளைங்க பிரேக்குல கோப்பி குடிச்சுக்கிட்டே நோட்டைத் தூக்கிக்கிட்டு, ஆன்டி இது சரியா பாருங்க லான்னு அவகிட்டத்தான் போவாங்க. முன் வரிசையில உக்காந்திருக்கிற என்னை ஒருத்தனும் கேக்கல. லயனல்கூட போன்ல நான் இங்கிலீஷ் பேசினா என்ன தாத்தான்னு ரெண்டு தடவை கேக்குறான், அவ பேசினா உடனே பதில் சொல்றான், அதைக்கூட அப்பத்தான் கவனிச்சேன், கவனிச்சதும் அதுவும் ஒரு வலி. ஒரு நாள் புனிதா சாக்கடை அடைச்சுக்கிட்டதைப் பத்தி முனிசிபாலிட்டிக்கு ஒரு கடிதம் வேணும்னு வந்தா. நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு மேசையில உக்காந்தேன். அவ என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போய், அக்கா நீங்க எழுதுங்களேன், நீங்க நல்லா எழுதுறீங்களாம்லன்னு கேட்டா. முப்பது வருஷமா அண்ணே அண்ணேன்னு என்கிட்ட எழுதி வாங்கினவ. உங்கம்மா, அவரு இருக்கும்போது நான் எதுக்குன்னு என் பக்கம் கையைக் காட்டினா. அந்த இரக்கம் இன்னும் மோசமா இருந்துச்சு. நான் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன், ஆனா அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல உப்பு இல்லன்னு சண்டை பிடிச்சேன். உப்பு சரியாத்தான் இருந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். அவ கோயில் பாட்டுக்குழுப் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் அவ நோட்டை எடுத்துத் தப்பு தேடினேன். முப்பது பக்கம் இருக்கும். ரெண்டே ரெண்டு கிடைச்சுது, ரெண்டும் எழுத்துப்பிழை. அந்த ரெண்டை நினைச்சு நினைச்சு மூணு நாள் சந்தோஷமா இருந்தேன். அறுபத்தேழு வயசு எனக்கு.

பிப்ரவரி கடைசியில மாதிரிப் பரீட்சை வச்சாங்க. அதுக்கு முந்தின நாள் உங்கம்மா துணி மடிச்சுக்கிட்டே கேட்டா, ஏங்க, ஒருத்தருக்கு யோசனை சொல்லி கடிதம் எழுதும்போது, நான் உன் இடத்துல இருந்தா இப்படிச் செய்வேன்னு எழுதுவாங்கல்ல, அதுக்கு 'இஃப் ஐ வேர் யூ'வா 'இஃப் ஐ வாஸ் யூ'வா, 'வேர்'னுதான் காதுல இருக்கு, ஆனா 'ஐ'க்கு 'வாஸ்'தானே வரும்னு புத்தகத்துல இருக்கு, குழப்பமா இருக்குன்னு. எனக்குப் பதில் தெரியும் மகளே. நடக்காத விஷயத்தைச் சொல்றதால 'வேர்'தான், அதை நான் ஸ்கூல்ல படிச்சிருக்கேன், நூறு தடவை எழுதியிருக்கேன். அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா, பழைய மாதிரி, நான் சொல்றதுதான் சட்டம்ங்கிற மாதிரி. எத்தனையோ வாரம் கழிச்சு என்னை அப்படிப் பாத்தா. நான் பேப்பரைத் திருப்பிக்கிட்டே, 'ஐ'ன்னா 'வாஸ்'தான், இதுல என்ன சந்தேகம்னு சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன். அவ சரிங்கன்னு சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டா. அன்னிக்கு நல்லா தூங்கினேன்.

மறுநாள் பரீட்சையில, ஒரு சிநேகிதி வேலையை விட்டுட்டு வேற ஊருக்குப் போகலாமான்னு கேக்குறா, அவளுக்குப் புத்தி சொல்லி எழுதுங்கன்னு வந்துச்சு. உங்கம்மா நாலு இடத்துல 'இஃப் ஐ வாஸ் யூ'ன்னு எழுதியிருந்தா. அடுத்த சனிக்கிழமை தினேஸ்வரி தாளைக் கொடுத்துக்கிட்டே, ஆன்டி, உங்ககிட்டேர்ந்து இதை எதிர்பாக்கலையே, நாலு இடமும் ஒரே தப்புன்னு கேட்டா. உங்கம்மா எழுந்து நின்னா, அவ இன்னும் பள்ளிப்பிள்ளை மாதிரி எழுந்து நிப்பா, நின்னு, எனக்கும் 'வேர்'னுதான் தோணுச்சு டீச்சர், என் வீட்டுக்காரர் 'வாஸ்'ன்னு சொன்னாரு, அவருக்குத் தெரியும்னு எழுதிட்டேன்னு சொன்னா. பத்து தலையும் என் பக்கம் திரும்புச்சு. தினேஸ்வரி சிரிச்சுக்கிட்டே, அங்கிள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு ஆன்டி, நீங்க சரியா கேக்காம எழுதியிருப்பீங்கன்னு சொன்னா. அந்தப் பொண்ணு எனக்கு ஒரு வழி விட்டா. நான் அதுல நுழைஞ்சு ஓடிட்டேன். ஆமா டீச்சர், நான் அப்படிச் சொல்லல, அவ தப்பா கேட்டிருப்பான்னு சொன்னேன். உங்கம்மா என்னை ஒரு தடவை பாத்தா. கோபமாப் பாத்திருந்தா தாங்கியிருப்பேன். யாரோ தெரியாத ஆளைப் பாக்குற மாதிரிப் பாத்தா. அப்புறம் உக்காந்து நாலு இடத்துலயும் அடிச்சுத் திருத்தி எழுதினா.

வீட்டுக்கு வர வழியில நான் ரேடியோவைப் போட்டேன், அவ அணைச்சா. வீடு வந்து கதவைத் திறக்கும்போது மட்டும், கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க சொன்ன எதையும் நான் இன்னொருத்தர்கிட்ட கேட்டுச் சரிபாத்ததில்லன்னு சொல்லிட்டு உள்ளே போனா. அடுத்த சனிக்கிழமை முட்டி வலிக்குதுன்னு படுத்துக்கிட்டா. அந்த வாரம்தான் நீ கூப்பிட்டது.

நீ போனை வச்சப்புறம் அவ போனை மேசை மேல கவுத்து வச்சா. அப்புறம் எழுந்து போய் நெத்திலி ஆய உக்காந்துட்டா. நான் பின்னாலயே போய் நின்னேன். ஏன் நீ என்னைச் சொல்லலன்னு கேட்டேன். என்ன சொல்லணும்னு கேட்டா, தலையைத் தூக்கல. அப்பத்தான் சொன்னேன், எனக்கு 'வேர்'னு தெரியும், தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்னு. அவ அழுவா, இல்ல கத்துவான்னு நினைச்சேன். அதெல்லாம் தெரியும்னு சொன்னா. நெத்திலித் தலையைக் கிள்ளிக்கிட்டே சொன்னா. வகுப்புல நீங்க வாயைத் திறந்தப்பவே தெரிஞ்சுபோச்சு, நீங்க தப்பாச் சொன்னதுகூடப் போகட்டும், ஆத்திரத்துல ஒருத்தர் ஒண்ணு செய்வாங்க, ஆனா அத்தனை பேர் முன்னாலயும் எனக்குக் காது சரியில்லன்னு சொல்லிட்டீங்களே, என்கிட்ட இருந்தது அந்தக் காது ஒண்ணுதானேன்னு சொன்னா. நான் மன்னிப்புக் கேட்டேன். அதை இங்கே அடுப்படியில கேட்டு என்ன பிரயோசனம், நெத்திலிக்கா காது கேக்குதுன்னு சொல்லிட்டா. அப்படியே ஒரு சொல்லுல முடிச்சிட்டா. அதுல எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அந்தப் பேச்சு எனக்கு வராதேன்னு அதுலயும் ஒரு பொறாமை. பாரு என் புத்தியை.

அப்புறம் நாலு வாரம் நான் தனியாத்தான் வகுப்புக்குப் போனேன். மறைக்காம சொல்றேன், முதல் வாரம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இனிமே நான்தான் முதல்னு நினைச்சேன். ரெண்டாவது வாரம் தினேஸ்வரி பலகையில ஒரு கஷ்டமான வாக்கியத்தை எழுதிட்டு, யார் சொல்றீங்கன்னு கேட்டுக்கிட்டே பழக்கத்துல அந்தக் கடைசி நாற்காலியைப் பாத்தா. காலி நாற்காலியைத்தான் பாத்தா, முன்னால கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற என்னைப் பாக்கல. மூணாவது வாரம், ஆன்டிக்கு எப்படி இருக்கு, டாக்டர்கிட்ட காட்டினீங்களான்னு எல்லாரும் கேட்டாங்க, ஒரு பையன் முட்டிக்குப் போடுற எண்ணெய் வாங்கிட்டு வந்து கொடுத்தான். அந்த எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுபோய் அவ கையில கொடுக்க எனக்கு முடியல, இன்னும் காடி டிக்கியிலதான் கிடக்கு. வீட்ல அவ சமைப்பா, பரிமாறுவா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. இங்கிலீஷ் கடுதாசி வந்தா இப்போ அவளே பிரிச்சுப் படிச்சிட்டு, கரண்ட் பில்லுன்னு சொல்லி வச்சிடுவா.

நாலாவது சனிக்கிழமை வகுப்பு ஆரம்பிக்கும் முன்னாடி நான் எழுந்து நின்னேன். நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டேன். அங்கே இங்கிலீஷ்லதான் பேசணும்னு தினேஸ்வரி வச்ச சட்டம், அதனால இங்கிலீஷ்லயே சொன்னேன். போன பிப்ரவரியில என் மனைவிகிட்ட ஒரு பொய் சொன்னேன், அவ சரியாத்தான் கேட்டா, நான்தான் தெரிஞ்சே தப்பைச் சொன்னேன், அப்புறம் இங்கே வந்து அப்படிச் சொல்லவே இல்லன்னு சாதிச்சேன், ஏன்னா அவ என்னைவிட நல்லா எழுதுறா, அதை என்னால தாங்க முடியலன்னு சொன்னேன். அத்தனை பேரும் அவங்க அவங்க நோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. தினேஸ்வரி, நன்றி அங்கிள், உக்காருங்கன்னு சொன்னா. அப்புறம், அன்னிக்கு நானும் ஆன்டியைக் கேக்காமலே முடிவு பண்ணிட்டேன், நானே ஆன்டிகிட்ட பேசிடுறேன்னு சொன்னா. சொன்ன மாதிரியே அன்னிக்குச் சாயங்காலமே போன் பண்ணி உங்கம்மாகிட்ட பேசினா.

ஆனா அதுக்கு முன்னாடியே நான் வீட்டுக்கு வந்து சொல்லிட்டேன். உங்கம்மா வாசல்ல மாவுக்கல் கழுவிக்கிட்டு இருந்தா. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்னு சொன்னேன். இங்கிலீஷ்லயான்னு கேட்டா. ஆமான்னேன். எப்படிச் சொன்னீங்க, சொல்லிக் காட்டுங்கன்னு கேட்டா. அந்த வெயில்ல நின்னு மறுபடி சொன்னேன், 'ஐ ஹேவ் டோல்ட் அ லை டு மை வைஃப் லாஸ்ட் ஃபெப்ருவரி'ன்னு ஆரம்பிச்சேன். அவ கையை நீட்டி நிப்பாட்டினா. 'ஹேவ்' வராதுங்க, பிப்ரவரின்னு காலத்தைச் சொல்லிட்டீங்கல்ல, அது முடிஞ்சுபோன காரியம், 'ஐ டோல்ட்'ன்னுதான் சொல்லணும்னு சொன்னா. சொல்லிட்டு மறுபடி கல்லைக் கழுவ ஆரம்பிச்சா. முடிஞ்சுபோன காரியம்னு அவ சொன்னது இலக்கணத்தையா வேற எதையாவதான்னு நான் கேக்கல. ஆனா மத்தியானம் என் தட்டுல நடுத்துண்டு மீன் வந்துச்சு. அந்த நிமிஷத்துலகூட, மகளே, என் மன்னிப்புல இவ தப்பு கண்டுபிடிச்சிட்டாளேன்னு எனக்கு உள்ளே சுருக்குன்னுச்சு. அதைத் தின்னு விழுங்கிட்டு, சரி 'ஐ டோல்ட்'ன்னு சொன்னேன். அடுத்த சனிக்கிழமை காலையில நான் காடியை எடுக்கும்போது அவ நோட்டுப்புத்தகத்தோட வந்து உக்காந்திருந்தா. வகுப்புல நான் போய்க் கடைசி வரிசையில அவ பக்கத்துல உக்காந்தேன். அவ பையை எடுத்து இடம் விட்டா.

பரீட்சை எப்படின்னு போன்ல கேட்டே, நல்லாத்தான் எழுதினோம்னு ரெண்டு பேருக்கும் சேத்து நானே சொன்னேன், முழுசா இப்போ எழுதுறேன். ஈப்போவுல ஒரு ஹோட்டல் ஹால்ல வச்சாங்க, குளிர் தாங்கல, உங்கம்மா சால்வை கொண்டு வந்திருந்தா, நான் வீம்புக்கு வேணாம்னுட்டேன். அவ எனக்கு ரெண்டு வரிசை முன்னால. கடிதம் எழுதுற பகுதி வந்ததும் இது என் இடம்னு நினைச்சுக்கிட்டு, பழைய பழக்கத்துல ஆரம்ப வரியையே மூணு தடவை அழிச்சு அழிச்சு அழகு பண்ணிக்கிட்டு இருந்தேன். நிமிர்ந்து பாத்தா அவ முதுகு தெரியுது, பென்சில் நிக்காம ஓடுது. இன்னொரு தாள் வேணும்னு கையைத் தூக்குறா. அதையே பாத்துக்கிட்டு இருந்ததுல என் நேரம் போச்சு. கடைசிக் கட்டுரையை நான் பாதியிலதான் விட்டேன், இதை யார்கிட்டயும் சொல்லல. வெளியே வந்து கோப்பி குடிக்கும்போது எப்படி எழுதினீங்கன்னு கேட்டா. பரவாயில்லன்னேன். அவ என் கையைத் தொட்டு, உங்க கை ஐஸ் மாதிரி இருக்கு, அதான் பென்சில் ஓடலன்னு சொன்னா. நான் சொல்லாமலே தெரிஞ்சுக்கிட்டா.

இவ்வளவுதான் நடந்தது. இனி நீ செய்ய வேண்டியது, இந்தக் கடிதம் கிடைச்ச அன்னிக்கே அம்மாவைக் கூப்பிடு. அப்பா எல்லாத்தையும் எழுதிட்டாருன்னே சொல்லு, எனக்காக எதையும் மறைக்க வேணாம். பாசம் இல்லன்னு சொன்னே பாரு, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கோ. அவ அதைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டா, ஆனா நீ சொன்ன அன்னிக்குலேர்ந்து லயனல் போட்டோ இருக்கிற காலண்டர்ப் பக்கத்தை அவ இன்னும் கிழிக்கல, ஊரெல்லாம் ஜூன் ஆனப்புறமும் நம்ம வீட்ல மார்ச்தான். அவளோட கொஞ்சம் நீளமாப் பேசு. அப்பாகிட்ட குடுங்கன்னு உடனே கேக்காதே, நான் எங்கேயும் ஓடிட மாட்டேன். உடம்பைப் பாத்துக்கோ, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து சாப்பிடாம படுக்காதே, கிளென்னை காலையில வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லு, ரோட்டுல பனி உறைஞ்சு கிடக்கும்னு டிவியில காட்டினாங்க. லயனல்கிட்ட வீட்ல தமிழும் பேசுங்க, இங்கிலீஷ் அவனுக்குத் தானா வரும், பாட்டி வேற வாரா. உங்க மூணு பேரையும் மாதா தன் முந்தானையில வச்சுக் காப்பாத்தணும்னு தினமும் ஜெபமாலை சொல்லும்போது கேட்டுக்கிறோம்.

ஒண்ணு மறந்துடாதே. பரீட்சை ரிசல்ட் இன்னும் ரெண்டு வாரத்துல உன் இமெயிலுக்குத்தான் வரும், நீதானே பதிஞ்சு விட்டே. அவளோடது என்னோடதைவிடக் கூடத்தான் இருக்கும். முதல்ல அவளுக்குச் சொல்லு, நம்பரை மெதுவா ரெண்டு தடவை சொல்லு, அவ கேக்கட்டும். உடனே என்னைக் கூப்பிட்டு, அப்பா உங்களுக்குச் சந்தோஷமான்னு கேட்டுடாதே. அரை நாள் விடு. சந்தோஷம் எனக்கு வரும் மகளே, கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

என்றும் உன் அன்பு அப்பா,
அ. செபாஸ்டியன்